வெள்ளிக்கிழமைப் பாராட்டு

இங்கே உட்காரலாம், ஆள் யாரும் இல்லை. பையை நான் மடியில் வைத்துக்கொள்கிறேன். ஜன்னல் ஓரம் வேண்டுமென்றால் சொல்லுங்கள், மாறிக்கொள்ளலாம். வேண்டாமா? சரி. சிலருக்குக் காற்று பட்டால் தலை வலிக்கும், அதனால் கேட்டேன்.

புதுக்கோட்டை வரைக்குமா? நல்லதாகப் போயிற்று, நானும் அங்கேதான். மதியத்துக்குள் போய்விடுவோம் இல்லையா? இந்த டிரைவர் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று ஊர்க்கதை பேசுகிறார். எனக்குக் கொஞ்சம் அவசரம். என் பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருத்தி இன்றைக்கு மாறுதல் கலந்தாய்வுக்குப் போயிருக்கிறாள். அவள் பெயரைக் கூப்பிடுவதற்குள் நான் போய்ச் சேர வேண்டும். அவள் உள்ளே போய், காலியிடப் பட்டியலில் ஒரு ஊரைக் காட்டி 'இது' என்று சொல்லிவிட்டால் முடிந்தது. அதற்கு முன்னால் 'எனக்கு மாறுதல் வேண்டாம்' என்று சொன்னால் அவள் என் பள்ளிக்கூடத்திலேயே இருப்பாள். அவ்வளவுதான் விஷயம். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் மே மாத வெயிலில் கிளம்பி வந்திருக்கிறேன்.

நான் தலைமையாசிரியை. தமயந்தி என் பெயர். பெரிய பள்ளிக்கூடம் என்று நினைத்துவிடாதீர்கள். ஐந்தாம் வகுப்பு வரைதான், ஊராட்சி ஒன்றியப் பள்ளி. என்னையும் சேர்த்து நாலு பேர். ஒன்றும் இரண்டும் மைமூன் பார்க்கிறாள். சின்னப் பெண். மூன்றாம் வகுப்பு பிலோமினா. ஐந்து துரைக்கண்ணு சார். நாலாம் வகுப்பு எனக்கு, ஆபீஸ் வேலைக்கு நடுவில். இன்றைக்குப் போயிருப்பது பிலோமினா.

காலையில் அவளுக்குப் போன் பண்ணினேன், எடுக்கவில்லை. மைமூன் எடுத்தாள். "நாங்க மூணு பேரும்தான் டீச்சர் போய்க்கிட்டு இருக்கோம்" என்றாள். பாருங்கள், விடுமுறை நாளில், அவளுக்குத் துணையாக இரண்டு பேரும் கிளம்பிப் போயிருக்கிறார்கள். எத்தனை பள்ளிக்கூடத்தில் இப்படிப் பார்க்க முடியும்? பக்கத்து ஊர்ப் பள்ளியில் இரண்டே பேர், அந்த இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. சாக்பீஸ் வேண்டுமென்றால் பிள்ளையிடம்தான் சொல்லி அனுப்புகிறார்கள். என்னிடம் இருப்பவர்கள் அப்படி இல்லை. அதை நான்தான் உண்டாக்கினேன். பெருமைக்குச் சொல்லவில்லை, கஷ்டப்பட்டதால் சொல்கிறேன்.

போன வருஷம் ஒரு பயிற்சிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். தலைமையாசிரியர்களுக்கு மட்டும். திருச்சியிலிருந்து ஒருத்தர் வந்து பேசினார். மற்றவர்கள் எல்லாம் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தூங்கிவிட்டார்கள். நான் ஒன்று விடாமல் கேட்டேன். அவர் சொன்னது இரண்டே விஷயம். ஒன்று, கூட வேலை செய்கிறவர்களை மனம் விட்டுப் பாராட்ட வேண்டும், அதுவும் நாலு பேர் முன்னால். இரண்டு, எல்லாருக்கும் பொதுவாக ஒரு இலக்கு இருக்க வேண்டும். என் வகுப்பு, உன் வகுப்பு என்று இருக்கக் கூடாது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஏன் என்று கேட்காதீர்கள். இத்தனை வருஷமாக இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது.

மறு வாரமே ஆரம்பித்துவிட்டேன். வெள்ளிக்கிழமைப் பாராட்டு. காலை வணக்கக் கூட்டத்தில் பிள்ளைகள் உறுதிமொழி சொல்லி முடித்ததும் நான் மைக்கைப் பிடித்து ஒரு ஆசிரியரை முன்னால் கூப்பிடுவேன். அவரைப் பற்றி ஒரு நல்ல விஷயம் சொல்வேன். பிள்ளைகள் கை தட்டும். வெறும் கைதட்டல் இல்லை. மழைக் கைதட்டல் தெரியுமா? முதலில் ஒரு விரலால் தட்டி, பிறகு இரண்டு, மூன்று என்று ஏறி, ஐந்து விரலும் சேரும்போது பெருமழை மாதிரி இருக்கும். பிறகு அப்படியே குறைந்து ஒரு விரலில் நிற்கும். சரியாகப் படித்த பிள்ளைக்குக் கொடுப்போம் இல்லையா, அதே கைதட்டல். ஆசிரியர் அந்த மழை ஓயும்வரை முன்னால் நிற்க வேண்டும்.

முறை வைத்துத்தான் கூப்பிட்டேன். இந்த வாரம் மைமூன், அடுத்த வாரம் பிலோமினா, அதற்கடுத்து துரைக்கண்ணு சார். ஒருத்தரை விட்டு ஒருத்தரைப் பாராட்டினால் மனஸ்தாபம் வரும். எனக்கு அதெல்லாம் தெரியும்.

என்ன ஒன்று, வாராவாரம் புதிதாக ஒரு நல்ல விஷயம் கண்டுபிடிக்க வேண்டும். லேசுப்பட்ட காரியம் இல்லை. வகுப்பு வாசலில் நின்று பார்ப்பேன். பேசுவதைக் கேட்பேன். ஒரு தடவை துரைக்கண்ணு சாருக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. கடைசியில், 'நம் சார் வெற்றிலை போடுவதை விட்டுவிட்டார், பல் எவ்வளவு வெள்ளையாகிவிட்டது பாருங்கள்' என்று சொன்னேன். பிள்ளைகளுக்கு ஒரே சந்தோஷம். சாரும் சிரிப்பார் என்று பார்த்தேன். அவர் வாயையே திறக்கவில்லை. கூச்ச சுபாவம். அன்றைக்கு முழுக்க வாயைத் திறக்காமலே பாடம் நடத்தினார், எல்லாம் கரும்பலகையில் எழுத்தாகவே. நல்ல கையெழுத்து அவருக்கு. அடுத்த முறைக்கு அது கிடைத்தது.

ஒரு வெள்ளிக்கிழமை என்ன ஆயிற்று என்றால், மூன்று பேருக்கும் சுற்று முடிந்துவிட்டது. மறுபடி மைமூனிலிருந்து தொடங்க வேண்டும். எனக்கு ஒரு யோசனை. உடனே தொடங்காமல் கொஞ்சம் நின்று பார்க்கலாம் என்று. யாராவது முன்னால் வந்து ஏதாவது சொல்ல விரும்பினால் சொல்லட்டுமே. நான் கேட்கவில்லை, சும்மா நின்றேன், மைக்கை லேசாக நீட்டிக்கொண்டு. பிள்ளைகள் என்னைப் பார்க்கின்றன. நான் டீச்சர்களைப் பார்க்கிறேன். துரைக்கண்ணு சார் மெதுவாக முன்னால் வந்தார். மைக்கை வாங்கினார். "வெயில் ஏறுது. வரிசையா வகுப்புக்குப் போங்கடா" என்றார்.

பிள்ளைகள் மேல் அவ்வளவு அக்கறை அவருக்கு.

இல்லை, இல்லை, கண்ணில் தூசி. ஜன்னலைக் கொஞ்சம் இழுத்து விடுகிறேன்.

பொது இலக்கைச் சொல்ல விட்டுவிட்டேனே. மூன்றாம் வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. எல்லாப் பள்ளியிலும் உள்ளதுதான், யாரும் வெளியே சொல்வதில்லை. நான் சொன்னேன். பொங்கலுக்குள் ஒரு பிள்ளை பாக்கியில்லாமல் வாசிக்க வேண்டும், இது பிலோமினாவின் வேலை இல்லை, நம் நாலு பேர் வேலை. மதியம் கடைசி மணி நேரம் வகுப்பைக் கலைத்துவிட்டு, பிள்ளைகளை நாலு குழுவாகப் பிரித்துக்கொள்ளலாம் என்றேன். பள்ளிச் சுவரில் பெரிதாக எழுதினேன், 'எங்கள் இலக்கு' என்று. சுற்றிலும் நாலு பேரும் உள்ளங்கையில் பெயிண்ட் தடவிப் பதித்தோம். துரைக்கண்ணு சார் கையை நீட்டும்போது, "பத்திரம் பதியிற மாதிரி இருக்கு டீச்சர். நிலம் எங்க இருக்கு?" என்றார். மைமூன் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தப் பெயிண்ட் போக மாட்டேன் என்றது. மண்ணெண்ணெய் தேடி அலைந்தார்கள். நான் அன்றைக்குக் கையைக் கழுவவே இல்லை.

எழுத்தே தெரியாத குழுவை யார் எடுப்பது என்று கேட்டேன். எல்லாரும் கூரையைப் பார்த்தார்கள். பிலோமினாதான், "எங்கிட்டக் குடுங்க" என்றாள்.

அவள் ஒரு வேலை செய்தாள் பாருங்கள். பாடப்புத்தகத்தையே தொடவில்லை. ஒவ்வொரு பிள்ளையிடமும் அதன் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டு, அந்தப் பெயர்களை அட்டையில் எழுதிக் கொடுத்தாள். அப்பா பெயர், தங்கச்சி பெயர், ஆட்டுக்குட்டி பெயர்கூட. வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அதைத்தான் படித்தார்கள். பிறகு அடுத்தவன் வீட்டுப் பெயர். சண்டைக்காரன் வீட்டுப் பெயர் என்றால் இன்னும் வேகமாகப் படிப்பார்கள். அப்படியே ரேஷன் கடைப் பலகை, கல்யாண போஸ்டர், பஸ் பலகை என்று போய்விட்டாள். டிசம்பரில் ஒருநாள் அந்தக் குழுவிலிருந்த ஒரு பயல் என் மேசைப் பலகையை விரல் வைத்துப் படித்தான். த, ம, யந், தி. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. என் பெயரை வாய்விட்டு யாராவது சொல்லி எத்தனையோ காலம் ஆகிறது. எல்லாருக்கும் நான் ஹெச்.எம். டீச்சர்தானே.

அதனால்தான் சொல்கிறேன், பிலோமினா போகக் கூடாது. மற்றவர்கள் வேலை செய்கிறார்கள். இவள் உயிரைக் கொடுக்கிறாள். இவள் போனால் சுவரில் எழுதியிருப்பது வெறும் சுண்ணாம்பு.

அழியாநிலை வந்துவிட்டது. இனிமேலாவது வேகமாகப் போவாரா பார்ப்போம்.

அவள் ஏன் போகிறாள் என்றுதானே கேட்கிறீர்கள்? நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராக இருந்தாலும் கேட்கத்தான் செய்வார்கள். நான் அவளுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. இன்னும் சொல்லப்போனால் மற்ற இருவரைவிட அவளைத்தான் அதிகம் பாராட்டினேன்.

ஜனவரியில் பெற்றோர் கூட்டம் வைத்தோம். அதற்கு முந்தின வாரம் அவள் குழந்தைக்குக் காய்ச்சல். இரண்டு வயசுப் பெண் குழந்தை, மாமியார்தான் பார்த்துக்கொள்வது. என் அறையில்தான் போனுக்கு டவர் கிடைக்கும். அவள் வந்து மெதுவான குரலில் வீட்டுக்குப் பேசுவாள். நான் பதிவேடு எழுதுகிற மாதிரி இருப்பேன், காதில் விழாமல் இருக்குமா? "பிலோமினா, லீவு எடுத்துக்கோ, நான் பாத்துக்கறேன்" என்று சொன்னேன். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை சொன்னேன். "வேண்டாம் டீச்சர், இந்த வாரம் விட்டா பசங்க மறந்துருவாங்க. ரெண்டு பேர்தான் பாக்கி" என்றாள். பாருங்கள், சொந்தக் குழந்தை நூற்றிரண்டில் கொதிக்கிறது, அவளுக்குப் பாக்கி இரண்டு பேர் நினைப்பு. இப்படி ஒரு ஆளைப் பாராட்டாமல் யாரைப் பாராட்டுவது?

கூட்டத்தன்று ஊரே வந்திருந்தது. பிள்ளைகள் ஒவ்வொன்றாக வந்து வாசித்தன. தாய்மார் சிலர் அழுதுவிட்டார்கள். கடைசியில் நான் பேச எழுந்தேன். அந்த நேரம் பார்த்து பிலோமினாவின் வீட்டுக்காரர் சேவியர் அவளைக் கூட்டிப் போக வந்து, பின்னால் வேலி ஓரம் நின்றார். எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்கிறீர்கள். கட்டிய புருஷன் காது குளிரக் கேட்கட்டுமே என்று குரலைக் கூட்டினேன். 'பெற்ற குழந்தை காய்ச்சலில் கிடக்க, உங்கள் பிள்ளைகளுக்காக ஓடி வந்தவர் எங்கள் பிலோமினா டீச்சர். லீவு எடு, எடு என்று நான் கெஞ்சினேன். அவர்தான் வேண்டவே வேண்டாம் என்று மறுத்துவிட்டார்' என்றேன். மழைக் கைதட்டல் என்றேன். பிள்ளைகளோடு பெற்றோரும் சேர்ந்து தட்டினார்கள். அப்படி ஒரு மழை எங்கள் பள்ளிக்கூடத்தில் பெய்ததே இல்லை.

சேவியர் தட்டவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். காபி கொடுத்தனுப்பினேன், அதையும் வாங்காமல் வண்டியில் போய் உட்கார்ந்துவிட்டார். ரொம்பச் சங்கோஜப்படுகிற மனிதர். பிலோமினா மேடையில் நின்றபடி என்னைப் பார்த்தாள். வாய் மட்டும், "டீச்சர், டீச்சர்" என்றது. நன்றி சொல்லத் திணறுகிறாள் என்று, "இருக்கட்டும்மா, இருக்கட்டும்" என்று தோளைத் தட்டினேன்.

திங்கட்கிழமை வந்தாள். கண்ணெல்லாம் சிவந்து வீங்கியிருந்தது. அப்போது ஊரில் மெட்ராஸ் ஐ பரவிக்கொண்டிருந்தது. பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொள்ளும், கண்ணாடி போட்டுக்கொள் என்று சொன்னேன். அதற்குப் பிறகு என்னோடு பேசுவதே குறைந்துவிட்டது. கேட்டால் பதில் சொல்வாள். 'ஆமா டீச்சர்', 'சரிங்க டீச்சர்'. குழந்தையை மாமியார் பார்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார்களாம். பால்வாடியில் விட்டுவிட்டு ஓடி வந்தாள். நான் மைமூனைக் கூப்பிட்டுக் கேட்டேன், என்ன நடக்கிறது என்று.

மைமூன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அவங்க வீட்ல, நீங்க லீவு தரமாட்டேங்கிறீங்கன்னு சொல்லி வச்சிருந்தாங்க டீச்சர். அதைச் சொல்லித்தான் கிளம்பி வந்தாங்க. கூட்டத்துல நீங்க சொன்னதை சேவியர் அண்ணன் கேட்டுட்டாரு."

எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லுங்கள். மனசு விட்டுப்போயிற்று. நான் லீவு தரமாட்டேன் என்று சொன்னேனா? யாருக்காவது மறுத்திருக்கிறேனா? என்னை ஒரு ராட்சசியாக அந்த வீட்டில் சொல்லி வைத்திருக்கிறாள். அந்த மாமியார் என்னை எப்படியெல்லாம் திட்டியிருப்பார். மைமூனிடம் கேட்டேன், "நான் உங்களுக்கு என்ன குறை வச்சேன், ஏன் என்னைக் கெட்டவளாக்கினா?" என்று. மைமூன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒண்ணுமில்ல டீச்சர்" என்று போய்விட்டாள்.

ஆனாலும் நான் அதை மனசில் வைத்துக்கொள்ளவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை அவள் முறை. 'வீட்டில் ஆயிரம் பிரச்சினை இருந்தாலும் சிரித்த முகத்தோடு வருகிறவர்' என்று பாராட்டினேன். கோபம் இருந்தால் அப்படிச் சொல்வேனா?

உங்களுக்குத் தாகமாக இருந்தால் தண்ணீர் இருக்கிறது. எனக்கு மதியம் சாப்பாடே இறங்குவதில்லை, தண்ணீர்தான். பள்ளியில் சத்துணவைப் பிள்ளைகளுக்குப் பரிமாறும் முன் ஹெச்.எம். ருசி பார்க்க வேண்டும். அது விதி. ஆயா ஒரு தட்டில் கொண்டுவந்து என் மேசையில் வைப்பார். உப்பு, காரம் பார்ப்பதற்குள் அரை வயிறு நிறைந்துவிடும். அவர்கள் மூன்று பேரும் அதற்கப்புறம்தான் ஐந்தாம் வகுப்பில் டிபன் பாக்ஸைத் திறப்பார்கள். ஒருத்தர் குழம்பை ஒருத்தர் ஊற்றிக்கொண்டு, சத்தமும் சிரிப்பும் என் அறை வரைக்கும் கேட்கும். ஒருநாள் போனேன். மூன்று பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள், எச்சில் கையோடு. பாவம், சாப்பிடுகிறவர்களை எழுப்பக் கூடாது இல்லையா? வேனிலும் அப்படித்தான். அவர்கள் அறந்தாங்கியிலிருந்து ஒரே வேனில் வருவார்கள். நானும் அறந்தாங்கிதான். ஒரு வாரம் அதில் போய்ப் பார்த்தேன். நான் ஏறியதும் டிரைவர் பாட்டை நிறுத்திவிடுவார். அவ்வளவு மரியாதை. அதனால் பஸ்ஸுக்கு மாறிக்கொண்டேன். பஸ்ஸில் யாராவது பேசக் கிடைப்பார்கள். உங்களைப் போல.

ஏப்ரல் கடைசியில்தான் தெரிந்தது பிலோமினா மாறுதலுக்கு விண்ணப்பித்திருக்கிறாள் என்று. இப்போதெல்லாம் அவரவர் போனிலேயே பதிந்துவிடுகிறார்கள். வட்டார அலுவலகத்துக் கிளார்க் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவளுடைய அம்மா வீடு கீரனூர்ப் பக்கம். அங்கே கேட்டிருக்கிறாள். அன்றைக்கு இரவு எனக்குத் தூக்கமே இல்லை. நேரில் போய்ச் சொன்னால் கேட்பாள் என்று...

இருங்கள், போன் அடிக்கிறது. மைமூன்தான். ஒரு நிமிஷம்.

சொல்லும்மா. பஸ்ஸில்தான் வந்துக்கிட்டு இருக்கேன். பிலோமினாகிட்டக் குடு, நான் பேசணும். என்னது? கூப்பிட்டாச்சா? அதுக்குள்ளயா? ம். கீரனூர்ப் பக்கமே கிடைச்சுருச்சா. சரி. ம். யாருக்கு? உனக்கா? நீ எப்ப... சரி. சாருமா. ம். ம். ரொம்ப சந்தோஷம்மா. பண்ணுவேன். ஏன் பண்ணாம. நான் பண்ணுவேன்னு சொல்லு. வச்சுடறேன்.

...

ஒன்றுமில்லை. முடிந்துவிட்டதாம். பிலோமினாவைச் சீக்கிரமே கூப்பிட்டுவிட்டார்கள். கேட்ட ஊரே கிடைத்திருக்கிறது. நல்லது.

மைமூனுக்கும் கிடைத்திருக்கிறது. துரைக்கண்ணு சாருக்கும். அவர்கள் துணைக்குப் போகவில்லை, அவர்களும்தான் போட்டிருந்தார்களாம். மூன்று பேரும் ஒன்றாகச் சேர்ந்து பேசி, ஒரே நாளில் போட்டார்களாம். எனக்கு ஒருத்தரும் சொல்லவில்லை. மனசு கஷ்டப்படுவேன் என்று நினைத்திருப்பார்கள்.

போனில் அவளுக்குப் பின்னால் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. உங்களுக்கும் கேட்டதா? துரைக்கண்ணு சார் சிரிக்கிறார். ஆறு வருஷமாக என்னிடம் வேலை பார்க்கிறார், அவர் இப்படிச் சிரிப்பார் என்று எனக்குத் தெரியாது.

எதற்குப் போன் பண்ணினாள் தெரியுமா? "டீச்சர், எங்களை ரிலீவ் பண்ணுவீங்கல்ல?" என்று கேட்பதற்கு. விதி ஒன்று இருக்கிறது. பதில் ஆள் வராமல் பள்ளிக்கூடம் காலியாகிற மாதிரி இருந்தால் தலைமையாசிரியர் விடுவிக்க வேண்டியதில்லை. மூன்று பேரும் போனால் நான் ஒருத்திதான். ஒரே ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும், ஜூனில் பள்ளி திறக்கும்போது மூன்று பேரும் அதே வேனில் வந்து இறங்கியாக வேண்டும். எத்தனை மாதம் வேண்டுமானாலும் இழுக்கலாம். பிள்ளைகளை யோசித்தால் எழுதத்தான் வேண்டும். புதிதாக நாலைந்து எழுத்துத் தெரியாத பிள்ளைகள் மூன்றாம் வகுப்புக்கு வருகின்றன.

எழுதினால் வருவார்கள். வந்து, 'ஆமா டீச்சர்', 'சரிங்க டீச்சர்' என்பார்கள்.

ம்.

இல்லை, எழுத மாட்டேன். பண்ணுவேன் என்று சொல்லிவிட்டேனே, நீங்களே கேட்டீர்கள். பிள்ளைகளுக்கு யாராவது வருவார்கள். வராவிட்டால் நான் பார்த்துக்கொள்கிறேன். அந்தப் பெயர் அட்டைகளைச் செய்ய எனக்கும் தெரியும்.

ஆனால் சும்மா அனுப்பக் கூடாது. பள்ளி திறந்ததும் ஊரைக் கூட்டி ஒரு விழா வைத்துவிடலாம். மூன்று பேருக்கும் பொன்னாடை. அவரவர் வீட்டு ஆட்களையும் கூப்பிட வேண்டும், அவர்கள் கேட்கத்தானே விழா. ஒவ்வொருவரைப் பற்றியும் இதுவரை சொல்லாததைச் சொல்ல வேண்டும். துரைக்கண்ணு சாரைப் பற்றி எனக்கு ஒன்று தெரியும். அவர் காலில் சர்க்கரைப் புண், வீட்டில் சொல்லவே இல்லை, சாக்ஸ் போட்டு மறைத்துக்கொண்டு நின்றபடியே பாடம் நடத்துகிறார். மைமூனுக்கு இதுவரை மூன்று வரன் வந்து தட்டிப்போயிற்று, ஒருநாள்கூட முகத்தில் காட்டியதில்லை. இதையெல்லாம் மேடையில் சொன்னால் ஊரே...

என்ன? எதைச் சொல்லக் கூடாது?

புண்ணையா?

மைமூனுடையதையுமா?

ஏன்? நல்லதுதானே சொல்கிறேன். நாலு பேர் முன்னால்...

நீங்கள் அறந்தாங்கியிலிருந்து வாயே திறக்கவில்லை. இப்போது 'வேண்டாம் டீச்சர்' என்கிறீர்கள். நீங்களும் டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறீர்கள்.

எதுவுமே சொல்ல வேண்டாமா? பிலோமினாவைப் பற்றியும்? சரி. அப்படியானால் விழாவும் வேண்டாம். விழா வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் நிற்க முடியுமா.

ஊர் வந்துவிட்டது. அடுத்த நிறுத்தத்தில் நான் இறங்க வேண்டும். அவர்கள் கலந்தாய்வு நடக்கிற இடத்தில்தான் இருப்பார்கள். பள்ளி முத்திரை என் பையில்தான் இருக்கிறது, எப்போதும் வைத்திருப்பேன். அவர்கள் ஆணையைக் காட்டினால் இன்றைக்கே, அங்கேயே விடுவித்ததாக எழுதிக் கொடுத்துவிடலாம். இதற்காக ஒருநாள் மறுபடி ஏன் பள்ளிக்கூடம் வரை அலைய வேண்டும். கையெழுத்துப் போட்டு, முத்திரை வைத்து, கையில் கொடுத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் கிளம்பிவிடுகிறேன்.

அதற்கு அதிக நேரம் ஆகாது.

அறந்தாங்கிக்குத் திரும்புகிற பஸ் அதற்கப்புறம் எப்போது என்று உங்களுக்குத் தெரியுமா?